நூற்றுப்பத்து கிலோவுக்குள் அப்பா

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அத்தைக்கு,

தங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். சென்ற கடிதம் எழுதியபோது இருந்ததைவிட மொத்தத்தில் பதினொன்றரை கிலோ குறைவான நலம். அங்கே தங்கள் நலத்தையும் மாமாவின் நலத்தையும் தையல் மெஷினின் நலத்தையும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தாங்கள் அம்மாவிடம், "ஊருக்கெல்லாம் அளவு எடுக்கறவ, நேத்து என்னை நானே அளந்து பாத்தேன், டேப்பு பத்தாம போச்சுடி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பன் எப்படிடி இளைச்சான்? ஒண்ணு விடாம எழுதி அனுப்பு. வர்ற திங்கட்கிழமையிலேருந்து நானும் ஆரம்பிக்கப் போறேன்" என்றீர்கள். இதுவரை என்னிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை, அத்தை. கணக்கு வீட்டுப்பாடம் கேட்டிருக்கிறார்கள், அது வேறு. எனவே இன்று பள்ளி விட்டு வந்ததும் கைகால் கழுவி, புது நோட்டிலிருந்து தாள் கிழித்து உட்கார்ந்துவிட்டேன்.

என் முதல் ஆலோசனை, திங்கட்கிழமை தொடங்க வேண்டாம். அப்பா இரண்டு திங்கட்கிழமைகளில் தொடங்கினார். திங்கட்கிழமை என்று நாள் குறித்துவிட்டால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கெட்டுவிடுகிறது. "இன்னிக்கு ஒருநாள்தானே" என்று சொல்லிச் சொல்லி மூன்று நாளைக்கு உள்ளதைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். எனவே ஒரு புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு, முன்னறிவிப்பில்லாமல் நானே தொடங்கிவைத்தேன். அப்பா பிஸ்கட் டப்பாவில் கை விட்டிருந்த நேரம் அது. "கையை எடுங்க அப்பா, ஆரம்பிச்சாச்சு" என்றேன். "இந்த ஒண்ணு?" என்றார். "அதுவும்தான்" என்றேன். அப்படித்தான் தொடங்கியது.

எதற்காகத் தொடங்கியது என்பதைத் தாங்கள் முழுமையாக அறியமாட்டீர்கள். தங்களிடம் சொன்னால் அழுவீர்கள் என்று அப்பா சொல்லவிடவில்லை. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் சொல்கிறேன். அப்பா வேலை பார்க்கும் டவர் கிரேனில், மேலே கேபினில் இருப்பவருக்குத் திடீரென்று மயக்கம் வந்தால் அவரைக் கட்டிக் கயிற்றில் இறக்க ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள். அது தாங்கும் எடை நூற்றுப்பத்து கிலோ. அப்பா நூற்று இருபத்தொன்று. இத்தனை வருடமும் அந்தப் பட்டையில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. புதிதாக வந்த கம்பெனி டாக்டரம்மா படித்துவிட்டார். "நாலு மாசம் டைம் தர்றேன். நூத்திப்பத்துக்குள்ள வந்தா மேலே. இல்லேன்னா கீழே ஸ்டோர் ரூம்ல போல்ட்டும் நட்டும் எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா இருபத்திரண்டு வருடமாக மேலே இருப்பவர். அன்று மாலை வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேலேருந்து பாத்தா ஊரு ஒழுங்கா இருக்கற மாதிரி இருக்கும் டீச்சரம்மா. கீழே வந்தா எனக்கு ஒண்ணும் புரியாது" என்றார் என்னிடம். டீச்சரம்மா என்பது அப்பா எனக்கு வைத்த பெயர். என் வகுப்பு ஜன்னலிலிருந்து அந்தக் கேபின் தெரியும் அத்தை. போன வருடத்திலிருந்து நான் ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்தக் கேபின் காலியாக இருப்பதையோ, அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருப்பதையோ நான் பார்க்க வேண்டுமா? பள்ளி நூலகத்தில் உடல்நலம் என்று போட்டிருந்த மூன்று புத்தகங்களையும் மறுநாளே எடுத்துக்கொண்டேன். மூன்றும் ஒன்றையொன்று மறுத்தன. மூன்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் எடுத்து விதிகளாக எழுதினேன்.

எடை பார்ப்பதைப் பற்றி. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் மிகவும் முக்கியம். எங்கள் வீட்டு எடைக்கருவி கூடத்தில் நூற்று இருபத்தொன்று காட்டியது. சமையலறையில் நூற்று இருபத்திரண்டு. பால்கனியில், அங்கே தரை சற்றே சாய்வு, நூற்றுப் பத்தொன்பது. இதை அப்பா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு போனுக்குச் சிக்னல் தேடுகிறவர் மாதிரி கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தார். கடைசியில் கட்டிலுக்கடியில் ஒரு மூலையில் நூற்றுப் பதினாறு காட்டுவதாகவும், ஆனால் அங்கே நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்றும் வருத்தப்பட்டார். அம்மா, "வீட்டுக்கு வெளியே, தெருமுனையில போய் வெச்சுப் பாருங்க, நூறு காட்டினாலும் காட்டும்" என்றார். நான் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கருவி அதைவிட்டு நகரக் கூடாது என்று விதி எழுதினேன்.

சாப்பிடுவதைப் பற்றி. சிறிய தட்டில் சாப்பிட வேண்டும் என்று மூன்று புத்தகங்களும் சொல்கின்றன. எத்தனை முறை என்று ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சிறிய தட்டில் நான்கு முறை சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும் என்பது அடுத்தது. அதை அப்பா மனப்பூர்வமாகச் செய்தார். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி மென்றார். ஆனால் இருபத்தேழில் அம்மா வந்து, "கரண்ட் பில் எங்க வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டால் எண்ணிக்கை போய்விடும். போனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வாயில் ஒன்றும் மிச்சமில்லாததால் இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு வாரம் போனது. அந்த வாரம் அப்பா முக்கால் கிலோ கூடினார். எனவே அத்தை, தாங்கள் மெல்லும்போது மாமாவைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடப்பதைப் பற்றி எழுதத்தான் வேண்டும், எழுதினால் அப்பாவுக்குப் பிடிக்காது. தினமும் மாலை அரைமணி நேரம் வேகநடை என்று விதித்தேன், நானும் கூடவே போனேன். கிரேன் ஓட்டுகிறவரோடு நடப்பது எளிதல்ல. ஊரில் எங்கே கிரேன் நின்றாலும் அப்பா நின்றுவிடுகிறார். அண்ணாந்து பார்க்கிறார். "இப்ப என்னத்துக்கு இவன் இவ்வளவு வேகமா திருப்பறான்? சுமை ஆடுது பாரு, ஆடுது பாரு!" என்று நடுத்தெருவில் கத்துகிறார். போகிற வருகிறவர்களும் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருநாள் எங்களோடு பதினெட்டுப் பேர் நின்றார்கள், ஒருவருக்கும் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாது. கடிகாரம் பார்த்துக் கணக்கிட்டதில், ஒன்றேகால் மணி நேர வேகநடையில் நாங்கள் நடந்தது பதினோரு நிமிடம். கிரேன் இல்லாத தெருவாகத் தேடிப் பாதையை மாற்றினேன். அந்தத் தெருவில் பேக்கரி இருந்தது.

இப்படி ஒன்றரை மாதம் ஆகியும் அப்பா நூற்று இருபத்திரண்டில் நின்றார். தொடங்கியதைவிட ஒரு கிலோ அதிகம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் பழமும் முட்டையும், மதியத்துக்கு நானே வெட்டிக் கொடுத்தனுப்பும் வெள்ளரிக்காய், கேரட், வேகவைத்த பயறு, மாலையில் சர்க்கரை இல்லாத தேநீர். எல்லாம் நோட்டில் டிக் போட்டிருக்கிறது. பிறகு எப்படி? கிரேன் ஓட்டுகிறவர்கள் மதியம் கீழே வருவதில்லை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு ஏணிப்படிகள். காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஏறினால் மாலையில்தான் இறங்குவார்கள். மேலே வேறு சாப்பாடே கிடையாதே!

அறிவியல் டீச்சரின் பைனாகுலரைப் பறவை பார்க்க என்று சொல்லி வாங்கினேன். பறவை என்று சொன்னது பொய்தான், அதற்காக வருந்துகிறேன். இடைவேளையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு சிவப்பு வாளி, கயிற்றில், கேபினை நோக்கி மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கேபின் கதவு திறந்தது. ஒரு கை நீண்டது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு கட்டட வாசலுக்கே போய்விட்டேன். கொடி மாமா அங்கே இருந்தார். கீழே நின்று அப்பாவுக்கு இடம் வலம் சொல்கிறவர், வாக்கிடாக்கி வருவதற்கு முன் கொடி காட்டியதால் எல்லோருக்கும் அவர் கொடி மாமா.

"வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வாளியில என்ன போச்சு மாமா?"

"அதுவா? கிரீஸ் டப்பாம்மா."

"கிரீஸை அப்பா கடிச்சுக் கடிச்சா சாப்பிட்டாரு?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா வானத்தைப் பார்த்தார். "போலீஸ்ல இருக்க வேண்டிய பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பறீங்களேம்மா" என்று மாமா முனகினார். பிறகு ஒப்புக்கொண்டார். காலையில் இனிப்பு பன்னும் தேநீரும், மதியம் கேன்டீன் பொரித்த மீனும் சோறும். ஆறு வருடப் பழக்கமாம். "பாவம்மா அவரு. காத்துல ஒத்தையா உக்காந்திருக்காரு. அந்த வாளி மேலே வர்றதைப் பாத்தாத்தான் அவருக்கு நாள் நகரும்." எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் பத்து வாரம்தான் இருந்தது. ஸ்டோர் ரூமில் பாவம் பார்க்க யார் இருப்பார்கள்? நோட்டை எடுத்து அங்கேயே எழுதினேன்: 'கயிறு, வாளி, கொக்கி ஆகிய எதன் மூலமாகவும் எந்த உணவையும் மேலே அனுப்பமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' மாமா இரண்டு முறை படித்துவிட்டு, சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அத்தை, இதுதான் என் ஆலோசனைகளிலேயே தலையானது. வரும் வழியை அடைக்காமல் வாயை அடைக்க முடியாது. கயிறு நின்ற அடுத்த வாரமே அப்பா நூற்று இருபது. பிறகு நூற்றுப் பத்தொன்பது. பிறகு நூற்றுப் பதினேழரை. சாக்பீஸ் கட்டத்தில் நின்று அப்பாவே குனிந்து எண்ணைப் பார்த்து, நம்பாமல் இறங்கி மறுபடி ஏறினார். இன்னொன்றையும் ஜன்னல் வழியாகக் கவனித்தேன். முன்பெல்லாம் மதியத்தில் கிரேன் கால்மணி நேரம்தான் நிற்கும். இப்போது முழுதாக ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. காலையிலும் ஒரு தடவை அரைமணி. பக்கத்திலிருந்த தோழியிடம், "பாரு, எங்க அப்பா மென்னுக்கிட்டு இருக்காரு. முப்பத்திரண்டு தடவை" என்று சொன்னேன். சொன்ன சொல்லை யாரும் பார்க்காத உயரத்திலும் காப்பாற்றும் மனிதர் அத்தை, தங்கள் தம்பி.

நடுவில் இரண்டு வாரம் நூற்றுப் பதிமூன்றிலேயே நின்றுவிட்டது. தொடங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. தாங்கள் விடக் கூடாது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நோட்டில் பெரிதாக எழுதி அப்பாவிடம் காட்டினேன். "என்னை அம்மிங்கறியா?" என்றார். ஆனால் மறுவாரம் அம்மி நகர்ந்தது.

போன வெள்ளிக்கிழமை பரிசோதனை. அம்மாவும் நானும் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. அப்பா பூட்ஸைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். கைக்கடிகாரம், கண்ணாடி, சட்டைப் பையிலிருந்த பேனா, கடைசியாக மோதிரத்தையும் திருகித் திருகிக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஏறி நின்றார்.

"ஏன் கன்னம் உப்பியிருக்கு? வாயில என்ன?" என்றார் டாக்டரம்மா.

அப்பா ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

"மூச்சை விடுங்க சார். அதுக்கு எடை கிடையாது."

அப்பா மூச்சை விட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. எண்கள் ஓடின. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. "நூத்தி ஒம்பது கிலோ நானூறு கிராம்" என்றார் டாக்டரம்மா. "நீங்க மேலேயே இருக்கலாம்." அப்பா இறங்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு அதிலேயே நின்றார். டாக்டரம்மா அவர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தொடையெல்லாம் நல்லா இறுகியிருக்கே, என்ன எக்சர்சைஸ்?" என்று கேட்டார். அப்பா இருமினார். "வாக்கிங், டாக்டர்." "யாரு டயட் பாத்துக்கிட்டது?" "வெளியே உக்காந்திருக்கா பாருங்க, ரெட்டைப் பின்னல்." டாக்டரம்மா வெளியே எட்டிப் பார்த்து, என் நோட்டை வாங்கிப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் மார்க் ஷீட்டில்கூட யாரும் அப்படி எழுதியதில்லை. வரும் வழியில் அப்பா, "டீச்சரம்மா, உன்னாலதான்" என்றார். இரண்டு முறை சொன்னார். நான் அதை நோட்டில் தேதியோடு குறித்திருக்கிறேன்.

ஆகவே அத்தை, புதன்கிழமையில் தொடங்குங்கள். எடைக்கருவியை நகர்த்தாதீர்கள். நிதானமாக மெல்லுங்கள். கடையில் உட்கார்ந்த இடத்துக்குத் தீனி வரும் வழி எது என்று கண்டுபிடித்து அடையுங்கள். அது பெரும்பாலும் மாமாவாகத்தான் இருக்கும், அவரிடம் எழுதி வாங்குங்கள். உறுதிமொழியின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட, கூட இருப்பவரின் நம்பிக்கையை வீணாக்காதீர்கள். எங்கள் வீட்டில் வென்றது அதுதான்.

வயதில் சிறியவள் பெரியவர்களை வாழ்த்துவது முறையல்ல என்பதால், வாழ்த்த வேண்டியதை அம்மாவின் பெயரால் வாழ்த்துகிறேன்: டேப்பு எட்டி, எட்டியதற்கு மேல் நான்கு விரற்கடை மிஞ்சுக! மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்
(ஒன்பதாம் வகுப்பு, நூலகத் துணைப் பொறுப்பாளர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் போனபோது கொடி மாமா வந்தார். அப்பா பாஸானதற்கு வாழ்த்துச் சொல்ல வந்தாராம். அம்மா தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று, "டெஸ்ட்டு முடிஞ்சிருச்சேன்னு அந்த வெள்ளரிக்காய் டப்பாவை நிறுத்திடாதீங்கம்மா. எனக்குப் பழகிப் போச்சு. பயறுல மட்டும் கொஞ்சம் உப்பு சேத்துப் போடுங்க" என்றார்.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மாமா அதைச் சாப்பிட்டீங்க?" என்றேன்.

மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "எழுதினபடிதான்மா நடந்தேன். மேலே ஒரு பருக்கை அனுப்பலை. அவருதான் கீழே இறங்கி வந்தாரு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

தினமும் இரண்டு முறை அத்தை! காலையில் பன்னுக்கு ஒருமுறை, மதியம் மீனுக்கு ஒருமுறை. கேன்டீனுக்கு இறங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டு, என் பெட்டியைக் கொடி மாமாவிடம் கொடுத்துவிட்டு, மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவர் வெள்ளரிக்காயை மறைத்திருக்கிறார். "ஏம்பா சொல்லலை?" என்று கேட்டேன். "சாயந்திரம் நீ டிக் போடும்போது உன் மூஞ்சியைப் பாக்கணுமே! அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? படி ஏறுறது அதைவிட சுலபமா இருந்துச்சு" என்றார். அம்மா சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கணக்குப் போட்டேன். கயிறு நின்றதிலிருந்து பரிசோதனை வரை ஐம்பத்தெட்டு வேலைநாள். நாளுக்கு நானூற்று இருபத்துநான்கு படி கூடுதல். மொத்தம் இருபத்துநாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு படி. இரண்டு முறை சரிபார்த்தேன். அந்தக் கயிற்றை நிறுத்தியது நான்தான் என்பதையும் அப்பா ஒப்புக்கொண்டார்.

எனவே மேலே எழுதிய எல்லா விதிகளையும் தயவுசெய்து ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். தங்களுக்கு விதி ஒன்றே ஒன்றுதான். மாமாவிடம் சொல்லித் தையல் மெஷினை மொட்டைமாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள். பலகாரம் கீழேயே இருக்கட்டும்.